உயில் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?



சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்களுக்குப் பிடிக்காது. "ஏங்க, விளக்கு வைக்கிற நேரத்துல இந்தப் பேச்சு?" என்று வீட்டுக்குள்ளிருந்து அதட்டல் வரும். உயில் என்று சொன்னாலோ கேட்கவே வேண்டாம். அது ஏதோ பட்டணத்து முதலாளிமார்கள் சாகக் கிடக்கும்போது லாயரைக் கூப்பிட்டு எழுதுகிற சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். "நம்மகிட்ட என்ன இருக்கு எழுதி வைக்க? ஒரு மோட்டார் சைக்கிளும் நாலு கோழியும்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தோழர்களை நாம் ஒவ்வொரு தோட்டத்திலும் பார்க்கிறோம்.

அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த வாரம் சொல்ல நினைக்கிறோம்.

பதினாறாம் நாள் நடந்தது

2019ஆம் ஆண்டு. கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டம். குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது 38, காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். மனைவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மூத்த பையன் ஏழு வயது, சின்னது மூன்று வயதுப் பெண் குழந்தை. சங்க உறுப்பினர் என்பதால் சாவுக்கும் போயிருந்தோம், பதினாறாம் நாள் கருமாதிக்கும் போயிருந்தோம்.

சடங்கு முடிந்து சாப்பாடு ஆனதும், பெரியவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து 'மேற்கொண்டு ஆகவேண்டியதை'ப் பேச ஆரம்பித்தார்கள். அந்தத் தங்கச்சி கதவோரம் நின்றபடி நம்மைப் பார்த்துக் கேட்டது: "அண்ணே, அவரு சேமநிதிப் பணம் புள்ளைங்களுக்குத்தானே வரும்?"

நாமும் அப்படித்தான் நினைத்தோம். போய் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முன்பு, முதல் வேலையில் சேர்ந்த காலத்தில் தம் தம்பியின் பேரைப் போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பேரை மட்டும் மாற்றவில்லை. ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட சேமிப்பு சட்டப்படி தம்பிக்கே போய்ச் சேர்ந்தது.

தம்பியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டோம். அவருக்கும் கடன் இருந்தது, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. பத்தாயிரம் வெள்ளி கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தார். "அண்ணன் எனக்குன்னுதானே எழுதினாரு" என்றார். அதையும் பொய் என்று சொல்ல முடியாது. எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணன் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அண்ணன் இல்லை.

அடுத்தது வீடு. பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலைத் தரைவீடு. கடனைக் கட்டி முடித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கிராண்டில் அவர் பேர் மட்டுமே. உயில் கிடையாது. அவருடைய தாயார் உயிரோடு இருந்தார். சட்டம் வீட்டைப் பங்கு போட்டது: மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, தாயாருக்குக் கால். அந்தத் தாய் பங்கு கேட்கவில்லை. கேட்டது பக்கத்தில் இருந்தவர்கள். ஒரே வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் நில அலுவலகத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். விவகாரம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் தங்கச்சி வீட்டை விற்றுவிட்டுப் பேராக்கில் இருக்கும் தாய் வீட்டுப் பக்கம் போய்விட நினைத்தது. பிள்ளைகளின் பங்கு அதில் இருப்பதால் நினைத்தபடி விற்கவும் முடியவில்லை.

அந்த மனிதர் குடிகாரரா? இல்லை. பொறுப்பில்லாதவரா? அதுவும் இல்லை. ஓவர்டைம் பார்த்து வீட்டுக்கடன் அடைத்தவர். இரண்டு காகிதங்களை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

நம் வீட்டு லட்சணம்

ஊருக்கு உபதேசம் சொல்கிறவன் தன் வீட்டையும் பார்க்கவேண்டும் அல்லவா? அன்றிரவு வீடு திரும்பியதும் நம் சேமநிதிக் காகிதங்களைத் தேடி எடுத்தோம். பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அதில் நாம் போட்டிருந்த பேர் நம் தாயாருடையது. தாயார் 2011இலேயே காலமாகிவிட்டார். பேர் போடப்பட்டவர் நமக்கு முன்னால் இறந்துவிட்டால் அந்த நியமனமே செல்லாது. அதாவது இத்தனை வருடம் சங்க வேலை பார்த்த நமக்கே நியமனமும் இல்லை, உயிலும் இல்லை. மனைவி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நாளைக்குப் போயிட்டு வாங்க."

போனோம். செலவு ஒரு காசு இல்லை. இந்த வெட்கத்தை மறைக்காமல் இங்கே எழுதுவதற்குக் காரணம், உங்களில் பலர் வீட்டு டின்னிலும் இதே மாதிரிக் காகிதம் இருக்கும் என்பதுதான்.

'ஒண்ணும் இல்லை' என்று சொல்லாதீர்கள்

நம்மிடம் ஒன்றும் இல்லை என்கிறோமே, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி உங்கள் பேரில் சேமநிதியில் சேர்கிறது. ஒரு வருடத்துக்கு 4,896 வெள்ளி. பத்து வருடத்துக்கு, இலாப ஈவைச் சேர்க்காமலே, 48,960 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் இது இரட்டிப்பு. இதுவா ஒன்றும் இல்லாதது?

இன்னும் இருக்கிறது. மலிவு விலை வீடு. மனைவியின் தாலிக்கொடி, வளையல். பேங்கில் இருக்கும் சேமிப்பு. மோட்டார் சைக்கிள், கார். இன்சூரன்ஸ். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்த்த பங்குகள். தாத்தா பேரில் உள்ள பங்கு இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது, தாத்தா போய் இருபது வருடம் ஆகிறது என்று நம்மிடம் வந்து சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பேரப்பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாம் குடியிருக்கும் தோட்டத்து வீடு கம்பெனியின் சொத்து. அதை யாருக்கும் எழுதி வைக்க முடியாது. வேலை செய்தவர் போய்விட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளும் வரலாம். ஆகவேதான் சொந்தமாக உள்ளது சீக்கிரமாகப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டியது நமக்கு மற்றவர்களைவிட அவசியம்.

எழுதாவிட்டால் சட்டம் எழுதும்

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. 1997இல் அது திருத்தப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதன் கணக்கு இதுதான்:

மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் மூவருமே இருந்தால், துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் துணையும் பெற்றோரும் இருந்தால் ஆளுக்குப் பாதி.

இது அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. வயதான தாய் தகப்பனை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்துக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியாது. அம்மாவுக்கு மூத்த மகன் வீட்டில் வசதி இருக்கிறதா, சின்ன மகளுக்கு இழுப்பு நோய் இருக்கிறதா, எட்டு வருடமாகப் பிரிந்து வேறு ஊரில் இருக்கும் மனைவிக்கு இன்னும் விவாகரத்து ஆகவில்லையா, இதையெல்லாம் அது கேட்காது. எல்லா வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தும். உங்கள் வீட்டை அறிந்தவர் நீங்கள்தான்.

இன்னொரு சிரமமும் உண்டு. உயில் இருந்தால் அதில் பேர் சொல்லப்பட்ட பொறுப்பாளர் கோர்ட்டில் அனுமதி வாங்கிக் காரியத்தைப் பார்ப்பார். உயில் இல்லாவிட்டால் யார் சொத்தை நிர்வகிப்பது என்பதிலேயே பேச்சு தொடங்கும். கோர்ட்டு வழியாகப் போனால் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்கப்படலாம். லயத்து வீட்டில் இருக்கும் குடும்பம், சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர்களுக்கு எங்கே போகும்? வயது வராத பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால், உயில் இல்லாத சொத்துக்குத் தாய் தனி ஆளாக நிர்வாகியாக இருக்க முடியாது. இரண்டு பேராவது வேண்டும், அல்லது அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனம் வேண்டும். பார்த்தீர்களா? பிள்ளைகள் எவ்வளவு சின்னவர்களோ, உயில் இல்லாத சிக்கல் அவ்வளவு பெரியது.

பிள்ளைகள் யாரிடம்?

சொத்து ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உயில் எழுத வேண்டியதற்கு முதல் காரணம் பணமே அல்ல.

தாய் தகப்பன் இருவருமே ஒரே விபத்தில் போய்விட்ட ஒரு குடும்பத்தை நமக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணும் ஐந்து வயதுப் பையனும் மிஞ்சினார்கள். அப்பா வழிச் சொந்தமும் அம்மா வழிச் சொந்தமும் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இருவருமே நல்லவர்கள். அதுதான் பிரச்சினையே. விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை. பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ யாருகூட இருக்கப் போற, பாட்டி வீட்லயா, சித்தப்பா வீட்லயா?" என்று கேட்டார்கள். அது சொன்னது: "தம்பிகூட."

கடைசியில் பெண் பாட்டியோடு தைப்பிங்கில், பையன் சித்தப்பாவோடு ஜொகூரில். வருடத்துக்கு ஒரு தீபாவளி பார்த்துக்கொள்கிறார்கள்.

1961ஆம் ஆண்டு குழந்தைகள் பாதுகாவல் சட்டப்படி, தகப்பனோ தாயோ தம் மரணத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதை உயிலிலேயே எழுதி வைக்கலாம். 1999இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைகள்மேல் சமமான உரிமை. ஒருவர் இறந்தால் மற்றவர் பாதுகாவலராக இருப்பார். இருவரும் இல்லாமற் போனால் என்ன என்பதற்குத்தான் எழுத்து வேண்டும். "நானும் என் மனைவியும் இருவருமே இறந்துவிட்டால், எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்து வளர்க்க, இன்னாரைப் பாதுகாவலராக நியமிக்கிறேன்" என்று ஒரு வாக்கியம். பின்னால் யாராவது கோர்ட்டுக்குப் போனால், பிள்ளைகளின் நலனையே நீதிபதி முதலில் பார்ப்பார். உங்கள் விருப்பம் எழுத்தில் இருந்தால் அது அவர் முன்னால் இருக்கும். இல்லாவிட்டால் அவர் முன்னால் சண்டை மட்டும்தான் இருக்கும்.

யாரை நியமிப்பது என்பது சுலபமான பேச்சல்ல. நம் வீட்டில் இதை முடிவு செய்ய மூன்று மாதம் ஆனது. மனைவி தம் அக்காள் என்றார். நாம் நம் தம்பி என்றோம். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு ஓடுவது பெரியம்மா வீட்டுக்குத்தான். பிள்ளைகளே முடிவு சொல்லிவிட்ட மாதிரி ஆயிற்று. அக்காளிடம் போய்க் கேட்டோம். கேட்காமல் யார் பேரையும் எழுதிவிடாதீர்கள். அவர் முதலில் அழுதார். பிறகு, "மொதல்ல ரெண்டு பேரும் ஒடம்பப் பாத்துக்குங்க" என்று திட்டினார். அதன் பிறகுதான் சரி என்றார்.

பாதுகாவலர் வேறு, பணத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வேறு என்றும் வைக்கலாம். பாசமுள்ளவர் கையில் பிள்ளைகளையும், கணக்கு வழக்குத் தெரிந்தவர் கையில் பணத்தையும் கொடுத்து, படிப்புக்கு இவ்வளவு செலவு செய்யலாம், மீதியை இந்த வயதில் கொடுக்க வேண்டும் என்று எழுதலாம்.

கோயில் கல்யாணமும் வளர்ப்புப் பிள்ளையும்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் ஆகாது. அப்படிப்பட்ட மனைவிக்கு, உயில் இல்லாத கணவன் சொத்தில் பங்கு கேட்பது பெரும் சிரமம். பிள்ளைகளின் தகப்பன் வழி உரிமையும் கேள்விக்கு உள்ளாகும். நம் தோட்டங்களில் இந்த நிலைமையில் உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முதல் வேலை, போய்ப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது வேலை, உயில் எழுதுங்கள். உயிலில் பேர் குறிப்பிட்டு எழுதினால் பதிவு இல்லாத மனைவிக்கும் பிள்ளைக்கும் நீங்கள் கொடுக்க நினைத்ததைக் கொடுக்க முடியும்.

வளர்ப்புப் பிள்ளைகள் விஷயமும் அப்படியே. அக்காள் பிள்ளையை, செத்துப்போன தம்பி பிள்ளையை, எடுத்து வளர்ப்பது நம் மக்களிடம் உள்ள நல்ல குணம். யாரும் காகிதம் கேட்பதில்லை. ஆனால் 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டப்படி கோர்ட் உத்தரவு வாங்காத வளர்ப்புப் பிள்ளைக்கு, உயில் இல்லாத சொத்தில் பங்கு கிடையாது. இருபது வருடம் 'அப்பா' என்று கூப்பிட்ட பிள்ளை கடைசியில் வெறுங்கையோடு நிற்கும். அதன் பேரையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதுவது எப்படி?

1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது அதிகம் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 18 வயது நிரம்பிய, சித்தசுவாதீனம் உள்ள யாரும் எழுதலாம்.

முதலாவது, அது எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது, சாகும்போது கையைப் பிடித்துச் சொன்னது, எதுவும் செல்லாது.

இரண்டாவது, உயிலின் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். பிறகு அவர்களும் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். ஒருவர் காலையில், இன்னொருவர் சாயங்காலம் என்பது கூடாது.

மூன்றாவது, இதில்தான் பலர் தவறுகிறார்கள். உயிலில் பங்கு பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது அவருக்குக் கிடைக்காது. மகளுக்கு எழுதிவிட்டு மருமகனைச் சாட்சியாக வைக்காதீர்கள். கிராணி, பள்ளி ஆசிரியர், கோயில் தலைவர், சங்கச் செயலாளர் என்று வெளி ஆளாகப் பாருங்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆனால் உயிலைச் சாட்சிகள் முன்னால் அவருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டி, படித்துக்காட்டப்பட்டது என்றும் எழுதிவிட வேண்டும். தமிழிலும் உயில் எழுதலாம். பின்னால் கோர்ட்டுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படும் என்பதால் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தமிழில் விளக்கம் கேட்டுக்கொள்வது சுலபம். முத்திரைத் தாள் தேவையில்லை. எங்கேயும் பதிந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எழுத வேண்டியவை இவைதான்: உங்கள் பேர், அடையாள அட்டை எண், முகவரி. முன்பு எழுதிய உயில் எதுவும் இருந்தால் அது ரத்து என்பது. உயில் பொறுப்பாளர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார். மனைவியே பொறுப்பாளராக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாதுகாவலர். எது யாருக்கு. சொல்ல விட்டுப்போன மீதி யாருக்கு. தேதி.

எழுதி முடித்த உயிலில் பிறகு பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். மனம் மாறினால் புதிதாக எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன்பு எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் பொதுவாக ரத்தாகிவிடும். மறுமணம் செய்பவர்களுக்கும் இதே சட்டம்தான். அசல் உயிலைப் பத்திரமாக வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத உயில், எழுதாத உயிலுக்குச் சமம்.

கோபத்தில் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் ஒன்றுமில்லாமல் விட்டு எழுதவும் நினைக்காதீர்கள். அவர்கள் பராமரிப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்திருக்கிறது.

வீடு, நிலம் என்று கொஞ்சம் பெரிதாக இருந்தால் வழக்கறிஞரிடமோ அமானா ராயாவிலோ எழுதிக்கொள்வது நல்லது. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலும் விசாரிக்கலாம். முஸ்லிம் சகோதரர்களுக்குச் சொத்துப் பங்கீட்டு முறை வேறு. அவர்கள் தங்கள் சமய அலுவலகத்தில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

உயிலில் அடங்காதவை

சேமநிதிக்குப் பேர் போட்டிருந்தால், முஸ்லிம் அல்லாதவர்கள் விஷயத்தில் பணம் அந்தப் பேருக்கே போகும். உயிலில் வேறு பேர் எழுதினாலும் அது மாற்றாது. கல்யாணம் ஆனால் பழைய பேர் தானாக மாறிவிடும் என்றும் நம்பியிருக்காதீர்கள். கல்யாணம், பிள்ளை பிறப்பு, விவாகரத்து, மரணம், இந்த நான்கில் எது நடந்தாலும் சேமநிதி அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். இன்சூரன்சுக்கும் கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் யார் பேர் போட்டிருக்கிறீர்கள் என்பதைத் தனித்தனியே பாருங்கள்.

சொக்சோ பணத்தை யாருக்கும் எழுதி வைக்க முடியாது. அது சட்டப்படி வாரிசுகளுக்கு மாதாமாதம் வருவது. வேலை விபத்தில் இறந்தவருக்குச் சார்ந்தோர் உதவியில் ஐந்தில் மூன்று பங்கு துணைக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகிறது. நாம் மேலே சொன்ன அந்தத் தங்கச்சி இன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பது இந்தப் பணத்தில்தான். ஆனால் இதைக் கேட்கவும் திருமணப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் வேண்டும். அது அந்த வீட்டில் சரியாக இருந்தது. அந்த ஒரு பத்திரம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று நாம் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

செய்ய வேண்டியது

தோழர்களே, உயில் எழுதினால் சீக்கிரம் சாவு வரும் என்று சில பெரியவர்கள் பயப்படுகிறார்கள். மழை வரும் என்று கூரை வேய்கிறோம். கூரை வேய்ந்ததால்தான் மழை வந்தது என்று யாராவது சொல்வதுண்டா?

வருகிற சம்பள நாளுக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் காகிதங்களை எல்லாம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். சேமநிதி, இன்சூரன்ஸ், கூட்டுறவுப் பங்கு, வீட்டுக் கிராண்ட், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். ஒவ்வொன்றிலும் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். ஆண்கள் மட்டும் பார்த்துப் பூட்டி வைக்கிற பழக்கத்தை விடுங்கள். தாய்மார்களே, உங்கள் பேரிலும் சேமநிதி உண்டு, நகை உண்டு. நீங்களும் எழுத வேண்டும்.

படிக்கத் தெரியாததை, புரியாததை, சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கினால், விவரம் தெரிந்தவர் ஒருவரை நாமே அழைத்து வருகிறோம். கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பழைய பிஸ்கட் டின்னையும் மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.